அப்பா இல்லை, தாத்தா உண்டு

எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்தில் மாணவர்கள் இரண்டு பேர். பத்து வயது மகள், ஏழு வயது மகன். ஆசிரியைகள் பெட்டிக்குச் சில ஆயிரம் பேர். பிரம்பை அவர்களே கொண்டு வந்துவிடுவார்கள்.

சென்னை வேலையை விட்டுவிட்டு மார்த்தாண்டம் பக்கத்தில் அப்பா வைத்துவிட்டுப் போன ஒன்றரை ஏக்கர் ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோது, நான் முதலில் செய்த காரியம் கால அட்டவணை போட்டு லேமினேட் செய்ததுதான். எட்டு மணிக்கு இயற்கை, ஒன்பதுக்குக் கணக்கு. அந்த அட்டை இப்போது மூன்றாம் பெட்டிக்கு மழைக்கூரையாக இருக்கிறது. நன்றாகவே உழைக்கிறது.

1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் இந்த ஊரில் தேன்பெட்டியைப் பரப்பினார். இன்றைக்குப் பெட்டி பார்க்கத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அப்படி ஒரு பெரியவர்தான் எங்களுக்கு நான்கு பெட்டி தந்து, "முன்னால நிக்காதீங்க சாரே, பக்கத்துல நில்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பெட்டிக் கால்களுக்கு எறும்பு ஏறாமல் சிரட்டையில் தண்ணீர் வைப்பது மகன் பொறுப்பு.

முதல் பாடம் நான் எடுத்தேன். பலகையில் பெரிய பூ வரைந்து, தேன் பூவிலிருந்து வருகிறது என்றேன். மகன் வெளியே கைகாட்டினான். "அப்பா, அது இலையிலல்லவா உக்காந்திருக்கு?" ரப்பரில் தேன் சுரப்பது பூவிலல்ல, தளிர் இலைக்காம்பின் நுனியில். அப்பாவின் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது நாற்பத்திரண்டு வயதில் தெரிந்தது.

கணக்குப் பாடம் ஆச்சியின் முன்னால் நடந்தது. ஆண் தேனீ கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது. அதனால் அதற்கு அப்பா கிடையாது, தாத்தா உண்டு என்று மகள் விளக்கினாள்.

"அப்பன் இல்லாத்த பிள்ளைக்கு தாத்தா எங்கெருந்து வந்தாரு?"

"அவனுக்க அம்மைக்கு அப்பா உண்டில்லா, ஆச்சி!"

ஆச்சி விரல் விட்டு எண்ணிப் பார்த்து ஒப்புக்கொண்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "இதெல்லாம் ஒரு பாடமாடே?" என்றார். மகள் அதற்குள் ஆண் தேனீயின் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாக எண்ணி எழுதியிருந்தாள்: 1, 2, 3, 5, 8. நாலை விட்டுவிட்டாளே என்று திருத்தப் போனேன். நல்லவேளை, பேனாவை எடுப்பதற்குள் ஃபிபனாச்சி ஞாபகத்துக்கு வந்தார்.

போன மாதம் உறவினர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். "பிள்ளையள பள்ளிக்கூடத்துக்கு விடல்லியா?" என்று எல்லோரும் கேட்பதைக் கேட்டார். பதினாலு வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதலாம் என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. சரி, ஒரு வகுப்பைக் காட்டிவிடுவோம் என்று, அவர் கொண்டு வந்த மட்டிப் பழத்தில் ஒன்றை உரித்துத் தின்றுகொண்டே போய் இரண்டாம் பெட்டியைத் திறந்தேன்.

தேனீ கொட்டும்போது கூட்டத்துக்கு ஆபத்து என்று சொல்ல ஒரு வாசனையை விடும். அதிலிருக்கும் ஐசோஅமைல் அசிடேட்தான் வாழைப்பழ வாசனையிலும் இருக்கிறது. அதாவது, கையில் அபாயச் சங்கை ஊதிக்கொண்டே அவர்கள் வீட்டுக் கூரையைப் பிரித்திருக்கிறேன். செந்திலுக்குப் பிறகு வாழைப்பழத்தால் இவ்வளவு அடி வாங்கிய தமிழன் நானாகத்தான் இருக்க வேண்டும்.

மகள் பதறவே இல்லை. நகத்தால் கொடுக்கை வழித்து எடுத்தாள், நோட்டைத் திறந்தாள். அன்றைய இயற்கைக் குறிப்பு இது: "10.40. அப்பாவின் இடது காதில் கொடுக்கு. தேனீ போய்விட்டது. விஷப்பை இன்னும் துடிக்கிறது. அப்பாவும்."

உறவினர் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். வகுப்பு எப்படி என்று கேட்கவில்லை.

மார்த்தாண்டம் தேனுக்கும் கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டுக்கும் பெருமைப்படுகிறேன், ஆனால் தனித்தனியாக. ரப்பர் தளிர்த்ததும் தேன் எடுப்போம், அவசியம் வாருங்கள். வெறுங்கையோடு வர மனம் கேட்காவிட்டால் முறுக்கு வாங்கி வாருங்கள்.