சேம்பு ஏற்றுமதிக்காரப் பேராண்டிக்கு

வாடா பேராண்டி. ஹவாய்த் தீவுல சேம்பங்கிழங்க வச்சு ஊரே பிழைக்குதுன்னு போன்ல காட்டினியே, பாத்தேன். நம்ம ஊரு நோட்டன்லயும் நட்டு, டப்பாவுல அடைச்சு, கப்பல்ல ஏத்தப் போறியாமே. டப்பாவுக்குப் பேரும் வச்சாச்சாம். கிழங்கு எங்கடா நடுவ?

மேல பாத்தா தேயிலை, அது கம்பெனிது. கீழ பாத்தா விமலசுரேந்திர அணைத் தண்ணி, அது கரண்டுக்காரங்களது. நடுவுல தனி வீடு கட்டித் தந்த ஏழு பேர்ச்சஸ் நெலம். அதுல வீடு, கக்கூசு, ஒன் மாமன் ஆட்டோ. மிச்ச எடத்துல கோழி நிக்கவே ரெண்டு தரம் யோசிக்குது.

தண்ணிப் பீலிக்குக் கீழ கான் திரும்புற எடத்துல எங்க ஆத்தா நட்ட சேம்பு நிக்குதே, அத நீ பாத்திருக்க மாட்ட. போன்ல வரலியே. தோண்டுறப்ப பெரிய கிழங்க எடுத்துக்கிட்டு, பக்கக்கிழங்க அங்கனயே சொருகிட்டு வருவா. அவ்வளவுதான் வெவசாயம். 2021ல ஒரே ராத்திரில ரசாயன ஒரத்த நிப்பாட்டினாங்க, தேயிலை மொகம் சுண்டிருச்சு. சேம்புக்கு அந்தச் சேதியே போகல. 1974ல அரிசியும் மாவும் இல்லாத பஞ்சத்துல, பன்னித் தீனின்னு சிரிச்ச ஆளுங்க எல்லாம் இருட்டினதும் மண்வெட்டியோட வந்தாங்க. பேரச் சொல்ல மாட்டேன், ஒனக்கும் சொந்தம்தான்.

சரி, தொரைகிட்ட கேட்டு, தேயிலை புடுங்கின வெத்து எடத்த வாங்கிட்டன்னே வையி. ஒரே சாதியா நட்டுராத. சமோவாத் தீவுல அப்படித்தான் நட்டாங்க. 1993ல எலைக்கருகல் வந்து ஏற்றுமதியே படுத்துருச்சு. நம்ம மலைக்கும் இது புதுசில்ல. 1869ல காப்பிக்குத் துரு நோய் புடிச்சுது. வெள்ளக்காரத் தொரைமாரு பயிர மாத்தினாங்க. லயத்த மாத்தல.

அப்புறம் காட்டுப்பன்னி. அதுக்கு ஒன் திட்டம் ரொம்பப் புடிக்கும். கெழங்கு முத்த ஏழெட்டு மாசமாவது ஆகும், அதுக்கு அவ்வளவு பொறுமை கெடையாது. மொதல்ல வேலிய கட்டு, பெறகு ஹட்டன் சந்தைக்கு ஒரு மூட்டை போகட்டும். கப்பல் எங்கயும் ஓடிராது.

கொழும்புல இருந்து கூட்டத்துக்கு வர்ற பெரியவருக்குச் சேம்புக் கொழம்பு வைக்கணும்னியே. புளி நல்லாக் கரைச்சு ஊத்தச் சொல்லு, இல்லாட்டித் தொண்டை அரிக்கும், மனுசன் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு. போன கூட்டம் மூணு மணி நேரம் நடந்துச்சுல்ல? புளி கொஞ்சமா ஊத்தினா போதும்னு அம்மாகிட்ட சொல்லிரு.