ஒரு சின்ன சந்தேகம் சார்

இரவு பத்தரைக்கு மேல் போன் அடித்தால் இரண்டே காரணம்தான். ஒன்று, சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள். இல்லையென்றால், சரித்திர நாவல் எழுதுகிறவருக்கு ஒரு சின்ன சந்தேகம் வந்துவிட்டது. முதலாவதற்காவது காலையில் போய் நின்றால் போதும்.

எனக்குக் கல்வெட்டு வாசிக்க வரும் என்ற செய்தி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அன்றிலிருந்து சோழ சாம்ராஜ்யத்தின் இருபத்துநாலு மணிநேரச் சேவை மையமாக என் போன் இயங்குகிறது. சந்தேகம் கேட்பது பாவமில்லை. கேட்காமல் எழுதுவதுதான் பாவம். ஆனால் இவர் கேட்கிற விதம் இருக்கிறதே!

“சார், ஒரு சின்ன சந்தேகம். சோழர் காலத்துல மரம் இருந்துதா?”

இருந்தது என்றேன்.

“அவசரமில்ல சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பெரிய மரம்.”

பெரிய மரமும் இருந்தது என்றேன். “என்ன மரம்னு சொன்னா, இருந்துதா இல்லையான்னு திட்டமா சொல்லிடலாமே.”

போனில் ஒரு நீண்ட அமைதி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அது முடியாது சார். கதையே அதுலதான் இருக்கு” என்றார்.

இதுதான் அவருடைய நோய். கேள்வி கேட்பார், எதற்கு என்று மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் கதையைத் திருடிவிடுவார்களாம். கதை என்று ஒரு வரி எழுதியறியாத நான், அவருடைய மரத்தைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே நடப்போகிறேன்? அதெல்லாம் அவரிடம் எடுபடாது. எதிராளிக்குச் சொல்லாததைத் தன் வக்கீலுக்கும் சொல்லாமல் கேஸ் நடத்துகிறவர் அவர்.

வேறு வழியில்லாமல் நான்தான் குறுக்கு விசாரணையில் இறங்கினேன். “பூக்கிற மரமா?”

“பூக்கும்.”

“என்ன நிறம்?”

“சார்…”

“சரி, சொல்ல வேண்டாம். மரத்தடியில என்ன நடக்குது?”

“ஒருத்தன் வரான்.”

“நடந்தா?”

“அதான் சார் ட்விஸ்ட்டே!”

அன்று அவ்வளவுதான். மறுநாள் அவரே கூப்பிட்டு, இது நம்ம ரெண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விஷயத்தை அவிழ்த்தார். நாயகன் குதிரையில் வருகிறான். காவிரிக்கரையில் ஒரு மரத்தில் குதிரையைக் கட்டுகிறான். மரம் சிவப்புச் சிவப்பாகப் பூக்களை அவன் தோளில் கொட்டுகிறது. நாயகி படித்துறையிலிருந்து பார்க்கிறாள். மரத்தின் பெயர் குல்மொஹர்.

குல்மொஹரின் பூர்விகம் மடகாஸ்கர் தீவு. நம் ஊர்ச் சாலைகளுக்கு அது வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல். நடுவில் எத்தனையோ நூற்றாண்டு இடிக்கிறது என்று சொன்னேன். “அப்ப தூங்குமூஞ்சி மரம் போட்டுக்கவா?” என்றார். அது தென் அமெரிக்கப் பக்கத்து மரம். சிவப்புப் பூதான் வேண்டுமென்றால் நம் மண்ணிலேயே கல்யாண முருங்கை இருக்கிறது, புரசு இருக்கிறது. சங்கப் புலவர்கள் முருக்கம் பூவைப் பார்த்துப் பார்த்துப் பாடியிருக்கிறார்கள் என்றேன்.

“கல்யாண முருங்கையில முள்ளு இருக்குமே சார். குதிரைக்குக் குத்தாது?”

மடகாஸ்கரிலிருந்து மரத்தைக் கொண்டுவரத் தயங்காத மனிதருக்குக் குதிரையின் மேல் அப்படியொரு கரிசனம். கடைசியில்தான் உண்மை வெளியே வந்தது. அட்டைப்படம் வரைந்து வாங்கியாகிவிட்டது. ஓவியருக்குப் பணமும் கொடுத்தாயிற்று. அதாவது, அவர் என்னிடம் கேட்டது சந்தேகம் அல்ல, அனுமதி.

இதையே முதல் நாளே, “பத்தாம் நூற்றாண்டு, காவிரிக்கரை, குதிரையைக் கட்ட ஒரு மரம் வேண்டும், சிவப்புப் பூ கொட்டினால் நல்லது” என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்: நல்ல குதிரை அன்றைக்கு அரேபியப் பக்கமிருந்து கப்பலேறி வர வேண்டிய சரக்கு. குதிரையில் வருகிறவன் சாதாரண ஆளாக இருக்க முடியாது. இவருடைய நாயகனோ ஏழைக் குயவன் மகன். மரத்தை மறைக்கப்போய் குதிரையில் இருந்த ஓட்டை தெரியாமலே போய்விட்டது.

என்னிடமாவது மரத்தோடு போயிற்று. எங்கள் தெரு டாக்டர் பாடு பரிதாபம். அவருக்குப் போன் போட்டு, “டாக்டர், ஒரு ஆள் சாகணும். வைத்தியருக்குச் சந்தேகமே வரக் கூடாது. எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க” என்றிருக்கிறார். டாக்டர் போனை வைத்துவிட்டு நேரே அவர் மனைவியைக் கூப்பிட்டு, “வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீங்களாம்மா?” என்று விசாரித்திருக்கிறார். அந்த அம்மாள்தான் இவருக்கு டைப் அடித்துக் கொடுப்பவர். “அது ரெண்டாம் பாகத்துல வர்ற சேனாதிபதி டாக்டர். அவர் போன மாசமே செத்தாச்சு” என்று சாவகாசமாகச் சொன்னாராம்.

இன்னொரு நாள் என்னிடம், “சோழர் காலத்துல ஒரு ஆளை வாங்க எவ்வளவு சார் ஆகும்?” என்றார். கோயிலுக்கு ஆட்களை விற்ற செய்தி கல்வெட்டுகளில் உண்டு. தங்களையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. மனம் கனத்துத்தான் எடுத்துச் சொன்னேன். கழஞ்சுக்கு இருபது மஞ்சாடி, மஞ்சாடிக்கு இரண்டு குன்றிமணி என்று நிறைக் கணக்கையும் விளக்கி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இல்ல சார், வாசக்காவல்காரனுக்கு லஞ்சம் குடுக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

மற்ற பழக்கங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே கேள்வியை ஊரில் எல்லோரிடமும் கேட்பார். தனக்குப் பிடித்த பதில் வரும்வரை கேட்பார். மிளகாய் விஷயத்தில் அதுதான் நடந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்ததே 1498இல், மிளகாய் அதற்கப்புறம் போர்த்துக்கீசியர் கொண்டுவந்து இறக்கியது, தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே வகையறா, சோழர் அடுக்களையில் காரம் என்றால் மிளகுதான் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவர் கடைசியாகக் கேட்டது ஒரு கல்யாணச் சமையல்காரரிடம். “மிளகா இல்லாம என்னங்க சமையல்?” என்று அவர் சொன்ன ஒரே வார்த்தையில் நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் மிளகாய் தாளித்தாகிவிட்டது.

தானாக எதையும் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது இன்னொன்று. நாயகிக்குப் பெயர் வேண்டும் என்றார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்களை ராஜராஜன் வெட்டி வைத்திருக்கிறான். எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள் என்பது வரை விவரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அத்தனையும் அச்சாகி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. சேரமங்கை மாதிரி எத்தனை பெயர்கள்! போய்ப் பாருங்கள் என்றேன். “அதெல்லாம் படிச்சா ஃப்ளோ போயிடும் சார்” என்றார். நாயகிக்கு யாழினி என்று வைத்துவிட்டார்.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அடுத்ததை அப்படிச் சொல்ல வரவில்லை.

நடுவில் கொஞ்ச காலம் சோழர்களை விட்டுவிட்டுத் தனுஷ்கோடியை வைத்து எழுத ஆரம்பித்தார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் கொண்டுபோன இரவு. அந்த ஊரில் பிறந்து, அன்றைக்கு வீட்டு ஆட்களைப் பறிகொடுத்த ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். கேட்டார் என்பதற்காக அழைத்துப் போனேன். பெரியவர் எழுபத்தைந்தைத் தாண்டியவர். முதலில் பேசவே வரவில்லை. பிறகு தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியதைச் சொல்ல ஆரம்பித்தார். இவர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “அது இருக்கட்டும்யா. அலை எத்தனை அடி இருக்கும்? அதை மட்டும் சொல்லுங்க” என்றார்.

பெரியவர், “தெரியல தம்பி, அளக்கல” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

எழுத்தாளனுக்குத் தகவல் வேண்டும், சரி. ஆனால் ஒரு மனிதன் இத்தனை வருஷம் கழித்து வாய் திறந்தால், திறந்த வாய்க்குக் காது கொடுக்க வேண்டும். அளவு அகராதியில் கிடைக்கும். தங்கச்சி கை எந்த அகராதியிலும் கிடைக்காது. ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடிக்கே போய் அந்த ஜனங்களோடு பழகினார். படகர்களைப் பற்றிக் ‘குறிஞ்சித்தேன்’ எழுத நீலகிரியில் அவர்களோடு பழகியிருந்தார். கல்கிகூட ‘பொன்னியின் செல்வன்’ தொடருக்காக ஓவியர் மணியத்தை அழைத்துக்கொண்டு இலங்கைவரை போய்வந்தார். அவர்கள் போனது பதிலை வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு மட்டுமல்ல. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கும்தான்.

நம்மவருக்கு இதைச் சொல்லிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. என்ன காட்சி, எந்தக் காலம், எந்த ஊர் என்று முதலிலேயே சொல்லுங்கள். இதுவரை எதைப் பார்த்தீர்கள், எங்கே முட்டியது என்று சொல்லுங்கள். பார்த்ததையே திரும்பச் சொல்லி இருவர் நேரமும் வீணாக வேண்டாம். பதில் பிடிக்காவிட்டால் கதையை மாற்றுங்கள், அல்லது தெரிந்தே மீறுகிறேன் என்று தைரியமாக மீறுங்கள். பதில் சொல்கிறவரை மாற்றிக்கொண்டே போகாதீர்கள். எதிரே இருப்பவருக்கு அது தகவலா, சொந்த வாழ்க்கையா என்று பார்த்துக் கேளுங்கள். அப்புறம், பத்தரை மணி. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “ரொம்ப கரெக்ட் சார். இதைக் கேக்கத்தான் சார், சோழர் காலத்துல பத்தரை மணிக்கு என்ன சொல்லுவாங்க?” என்றார். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ராத்திரிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டேன்.

ஆனாலும் ஆளை வெறுக்க முடியவில்லை. ஒரே ஒரு முறை, எப்படியோ தன்னை மறந்து, காட்சி முழுவதையும் சொல்லிக் கேட்டார். கோயிலில் ஒரு நந்தா விளக்கு. அணையாமல் எரிய வேண்டும். நெய்க்கு என்ன ஏற்பாடு? நான் சொன்னேன்: ஒரு விளக்குக்கு 96 ஆடு. அரசனோ அதிகாரியோ தானமாகக் கொடுப்பார். ஓர் இடையர் பொறுப்பேற்பார். நாளுக்கு ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்தாக வேண்டும். அவை சாவா மூவாப் பேராடு; சாகவும் கூடாது, மூக்கவும் கூடாது. அதாவது என்றைக்கு எண்ணினாலும் 96 இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப நோய் வந்து பாதி ஆடு செத்துப்போனா அந்த இடையன் என்ன சார் பண்ணுவான்? அவன் பிள்ளைக்கும் அந்தக் கணக்கு போகுமா?” என்றார்.

விளக்குத் தானக் கல்வெட்டு நமக்கு ஆயிரக்கணக்கில் இருக்கிறது. கொடுத்தவன் பெயரைப் பிடித்துக்கொண்டு வம்சாவளி போடுவோம், ஆட்சியாண்டு கணிப்போம். ஆடு மேய்த்தவனின் ராத்தூக்கத்தைப் பற்றிக் கேட்டது இந்த மனிதர்தான். அன்று நள்ளிரவைத் தாண்டிப் பேசிக்கொண்டிருந்தோம். போனை வைக்க மனமில்லாமல் இருந்தது நான். பல்லவ ராணி கையில் தக்காளிச் சாதத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நாட்டில் எத்தனையோ பேர். இவருக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த மட்டுக்கும் இவர் மேல்.

நாவல் வெளிவந்துவிட்டது. தடிமனான புத்தகம்; நல்ல கட்டுமானம். இடையனைத் தேடினேன், காணவில்லை. “பக்கம் ஜாஸ்தியாயிடுச்சு சார், அவனைத் தூக்க வேண்டியதாப் போச்சு” என்றார். குதிரை இருந்தது. அட்டையில் குல்மொஹர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நன்றியுரையில் எனக்குத் தனிப் பத்தியே கொடுத்திருந்தார், பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டு. உலகத்தில் எல்லா எழுத்தாளரும் அந்த இடத்தில், பிழைகள் என்னையே சாரும் என்று எழுதுவார்கள். இவர் எழுதியிருந்தது: “இந்நாவலின் சரித்திரத் தகவல்கள் அனைத்தையும் அவரிடம் கேட்டே எழுதினேன். பிழைகள் இருப்பின் அவரையே சாரும்.”