மஞ்சளில் சுண்ணாம்பு போதவில்லை

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் எனக்கு முழு மதிப்பெண். பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் கணத்தில் நிறுத்த வேண்டிய டைட்ரேஷனை நான் ஒரு தடவைகூட ஒழுங்காகச் செய்ததில்லை. பக்கத்து மேஜைக்காரன் செய்தான். அவன் ரீடிங்கில் கடைசி எண்ணை மட்டும் மாற்றி என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பாவம் முப்பது வருஷம் கழித்து டாலஸில், என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நின்றது.

15 அடி விட்டம், 4 அடி உயரம். தரைக்கு மேலே இரும்புக் குழாய்ச் சட்டத்தில் மாட்டிய பிளாஸ்டிக் நீச்சல் குளம். சுமார் 4,400 காலன் பிடிக்கும். லிட்டரில் 16,800, சென்னைக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை லாரி. ராத்திரி முழுக்க ஹோஸ் ஓடியது. திருவல்லிக்கேணியில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு காத்து நின்ற என் அம்மா, ஆறு மாத விசாவில் வந்திருப்பவள், விடியற்காலையில் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் தாம்பாளம். மஞ்சள் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பு கலந்து, செக்கச் செவேல் என்று ஆரத்தி. குளத்துக்கு!

நான் என் சடங்கைத் தொடங்கினேன். சோதனைக் குழாயில் குளத்து நீர், அதில் ஃபீனால் ரெட் ஐந்து சொட்டு. சிவந்தது. பி.எச். 8.2. இருக்க வேண்டியது 7.2 முதல் 7.8 வரை. கடைக்காரர் ஆசிட் கொடுத்தார். அவுன்ஸில் சொன்ன அளவை லிட்டருக்கு மாற்றி, லிட்டரை என் பொறுமைக்கு மாற்றி, அரை பாட்டில் கவிழ்த்தேன். மறுநாள் குழாய் பளிச்சென்று மஞ்சள்.

அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மஞ்சள்ல சுண்ணாம்பு போதலையேடா.”

சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன். காரம் சேர்ந்தால் மஞ்சள் சிவக்கும். ஃபீனால் ரெட்டும் அதே ஜாதிதான். அவள் சொன்னது துல்லியமான ஆய்வக அறிக்கை. அறுபது வருஷமாக கல்யாணம், சீமந்தம், காதுகுத்து என்று தாம்பாளத்தில் காரச் சோதனை நடத்தி வந்தவளிடம் நான் கிட் வாங்கிக் காட்டியிருக்கிறேன்.

அடுத்தது அல்கலினிட்டி. இதுதான் அசல் டைட்ரேஷன். சோதனைச் சாயம் கலந்து பச்சையான நீர் சிவக்கும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு 10 பி.பி.எம். பக்கத்து வீட்டுக்காரரிடம் குளம் கிடையாது, பார்த்து எழுத வழியில்லை. நானே எண்ணினேன். ஐந்தாவது சொட்டில் சிவந்துவிட்டது. 50. குறைந்தது 80 வேண்டும். அல்கலினிட்டி குறைந்த தண்ணீர் ஒரு சொல்லுக்குக் கட்டுப்படாது. ஒரு கரண்டி ஆசிட்டுக்கே பி.எச். குட்டிக்கரணம் போடும்.

மறுபடி கடை. ‘அல்கலினிட்டி இன்க்ரீசர்’ என்று பெரிய வாளி. வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் படித்தேன்: சோடியம் பைகார்பனேட், நூறு சதவீதம்.

“அப்படின்னா?” என்றாள் அம்மா.

“ஆப்ப சோடா.”

“ஆப்ப சோடாவையா வாளியில வாங்கிட்டு வந்திருக்க?”

ஒரு கிலோவுக்கு மேல் கொட்டினோம். 90-க்கு வந்தது. பி.எச். மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டியிருந்தது. பம்பிலிருந்து தண்ணீர் திரும்பும் வாயை மேல்நோக்கித் திருப்பி, நீரைச் சலசலக்க விட்டால் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி பி.எச். தானாக ஏறும். “காபி ஆத்தற மாதிரி” என்றாள். அதேதான்.

குளோரின் விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு அனுபவமில்லை. அங்கே நானே முழுப் பொறுப்பு. குழாயில் போடும் சோதனை மாத்திரை கரைந்தால் நீர் ரோஸ் நிறமாக வேண்டும். ஆகவில்லை. குளோரின் போட்டேன். ரோஸ் வரவில்லை. இன்னும் போட்டேன். மூன்றாம் நாள் என் நீல நிறக் கால்சட்டை குளத்தில் இறங்கி சாம்பல் நிறத்தில் ஏறியது. குளோரின் அளவுக்கு மீறினால் சோதனைச் சாயத்தையே வெளுத்துவிடுமாம். நிறமில்லாத குழாய் பூஜ்யம் போலவே தெரியும். வண்ணான் சாலில் நின்றுகொண்டு வெள்ளாவி பற்றவில்லை என்று விறகு தள்ளியிருக்கிறேன். பிறகு, யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லி, மூடியைக் கழற்றி டெக்சாஸ் வெயிலிடம் ஒப்படைத்தேன். வெயில் குளோரினைத் தின்னும்.

இப்போது பி.எச். 7.4. நம் கண்ணீருக்கும் ஏறக்குறைய அதே அளவு. எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

டாலஸ் பக்கம் வரும் நண்பர்கள் தாராளமாகக் குளிக்க வரலாம். ஒன்றே ஒன்று. நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த நெடி சுத்தத்தின் வாசனை இல்லை. வேர்வையோடும் சிறுநீரோடும் மல்லுக்கட்டிய குளோரினின் நெடி. ஆகவே குளத்தில் இறங்குமுன் வீட்டிலேயே ஒரு தடவை குளித்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை என்று தலையில் நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு வர வேண்டாம்.