காற்றுக்கு விலை வந்த கதை

ஆலங்குடாவின் வீதிகளைவிட ருஷ்யாவின் ஏதோவொரு கிராமத்து வீதிகள் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்த காலம் ஒன்று உண்டு. ஆலங்குடாவில் அப்போது வீதி என்று சொல்லத்தக்கதாக எதுவும் இருக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். எழுபதுகளில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தார் தமிழில் அச்சிட்டு அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகங்கள் கொழும்பு வழியாகப் புத்தளம் வந்து, அங்கிருந்து எங்கள் தமிழ் மாஸ்டரின் சைக்கிள் கரியரில் ஏறி, பாதி வழி அவரையும் சைக்கிளையும் மணல் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, கடைசியில் வேர்வையும் பசையும் கலந்த ஒரு வாசத்தோடு என் கைக்கு வந்து சேரும். அரிக்கன் லாம்பைத் தூண்டிவிட்டுக்கொண்டு நான் படித்தது பிர்ச் மரங்களையும், சமோவாரையும், கிழவிகள் ஏறிப் படுத்துறங்கும் அடுப்பையும், ஆறு மாதம் உருகாத பனியையும்தான். ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’ கதையில் குன்றின்மேல் நிற்கும் இரண்டு பாப்ளர் மரங்களுக்கு எந்தப் பக்கமாக ஏறிப் போக வேண்டும் என்று என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அது கிர்கீசியக் கிராமமாயிற்றே என்கிறீர்களா? அந்த நாளில் எங்களுக்குக் கிர்கீசியாவும் ருஷ்யாதான்.

வெளியே சோளகக் காற்று கிடுகுக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். உம்மா சோற்றுப் பானையை மூடிவைத்த துணியையும் தாண்டி மணல் உள்ளே போகும். நானோ பனிப்புயலில் சிக்கிய ஒரு சறுக்குவண்டியின் கதியை நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊரைப் பற்றி எந்தப் புத்தகமும் கவலைப்படவில்லை. புவியியல் பாடத்தில் புத்தளத்துக்கு உப்பு என்று ஒரு வரி, தெங்கு முக்கோணத்தில் ஒரு மூலை, அவ்வளவுதான். கற்பிட்டிக் குடாநாட்டின் உண்மையான புவியியலை எங்களுக்குச் சொல்லித்தந்தவர்கள் கடற்றொழிலாளிகள். மேற்கே பெருங்கடல், கிழக்கே களப்பு, இடையில் கிடக்கிற மணல் திட்டில் நாங்கள். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு துரவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தார் வந்து படம் வரைந்து விளக்கியது பிற்காலத்தில். நாங்கள் அதை அல்லாஹ்வின் ரஹ்மத் என்று சொல்லிவிட்டு வாளியை இறக்கினோம். திசைகளுக்கும் எங்களுக்குக் காம்பஸ் தேவைப்படவில்லை. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நாலு காற்றும் நாலு பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. சோளகம் எழும்பினால் கடல் மூடிக்கொள்ளும். வாடை பிறந்து கடல் தணிந்தால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் வள்ளங்களோடு வந்து கரையில் வாடி போடுவார்கள். கரைவலை இழுக்கிற இடத்தில் நாங்களும் கயிற்றில் கைவைத்துவிட்டு, இழுத்த பலத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவு சாளை மீனைக் கூலியாக வாங்கிக்கொண்டு ஓடிவருவோம்.

காற்றால் எங்களுக்குக் கிடைத்த ஒரே இலாபம் இராவணன் மீசைதான். கடற்கரை மணலில் படர்கிற அந்த முட்புல்லின் காய்ந்த பந்துகள் காற்றில் கழன்று, நுனிக்கால்களில் எழுந்து நின்று, மைல் கணக்கில் உருண்டோடும். ஆளுக்கொரு பந்தைக் குறிவைத்துத் துரத்துவோம். பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. பிடித்தவன் குத்துப்பட்டுக் கையை உதறியது நன்றாக ஞாபகமிருக்கிறது.

சரித்திரத்திலும் இதே கதைதான். 1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கி, ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெல்லாம் கிடந்ததை எழுதிவைத்திருக்கிறார். ஒல்லாந்தர் 1667 இல் தொடங்கிக் கட்டிய கோட்டை கற்பிட்டியில் இன்றைக்கும் நிற்கிறது. அதே கற்பிட்டியில் 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, இருபத்தேழு வயதில் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்தி ‘சிலோன் கசற்றியர்’ என்ற பெரிய நூலை 1834 இல் அச்சேற்றினார். பிறகு சட்டநிரூபண சபைக்கும் போனார். இதெல்லாம் காலடியில் கிடக்க, எனக்குத் தெரிந்த சரித்திரம் மகா பீட்டர் தாடிக்கு வரி போட்ட கதை. அதைப் பள்ளிவாசல் திண்ணையில் ஒருநாள் அஸருக்குப் பிறகு விஸ்தாரமாகச் சொன்னேன். பெரியவர்கள் தங்கள் தாடிகளைத் தடவிக்கொண்டு மௌனமாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருவர், “நல்ல காலம், அந்த ஆள் கப்பலை இந்தப் பக்கம் திருப்பல்ல” என்றார்.

அது சிறிமா அம்மையாரின் காலம். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நிறுத்தப்பட்டு, பாண் கியூவில் நாடே நின்றுகொண்டிருந்தபோது, செத்தல் மிளகாயும் சின்ன வெங்காயமும் பயிரிட்டவன் கொஞ்ச காலம் ராஜாவாக இருந்தான். வாப்பாவும் ராஜாவானார், இரண்டு கையிலும் பூவாளி ஏந்திய ராஜா. மணல் நிலத்துக்குத் தாகம் தீராது. விடியற்காலையில் ஊற்றிய தண்ணீர் வெயில் ஏற முன்னமே காணாமல் போயிருக்கும்; அந்தியில் மறுபடி ஊற்ற வேண்டும். நான் அப்போது கூட்டுப்பண்ணைகளைப் பற்றிப் படித்து முடித்திருந்தேன். அரும்பு மீசையும் கக்கத்தில் புத்தகமுமாக வெங்காயப் பாத்தி வரம்பில் நின்று, நம்முடைய துண்டுக் காணிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஊராரெல்லாம் கூட்டாக உழைத்தால் ட்ராக்டர் வரும் என்று எடுத்துச் சொன்னேன். வாப்பா நிமிர்ந்து பார்த்தார். “முதல்ல இந்தப் பாத்திக்குத் தண்ணி ஊத்து. பிறகு கூட்டுவோம்.” அந்த இளைஞனை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அவனுடைய முதுகு இன்றைக்கு இருக்கிற முதுகைவிட நேராக இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ட்ராக்டரும் பிறகு வந்ததுதான், கூட்டாக அல்ல, தவணைக் கட்டணத்தில். வாட்டர் பம்ப் வந்தது, ஸ்பிரிங்ளர் வந்தது, பூவாளிகள் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போயின.

1990 ஒக்டோபர் கடைசியில் எங்கள் புவியியல் ஒரே வாரத்தில் மாறிற்று. வடக்கிலிருந்து புலிகள் வெளியேற்றிய முஸ்லிம்கள், ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர், உடுத்த துணியோடு புறப்பட, அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகவே வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். ஆலங்குடாவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் தென்னந்தோப்பெல்லாம் கிடுகுக் கொட்டில்களாயிற்று. சில கிழமைக்கு என்று போட்ட கொட்டில்கள். அதில் பிறந்த பிள்ளைகள் அதிலேயே வளர்ந்து கல்யாணமும் கட்டினார்கள். எருக்கலம்பிட்டி மன்னார்த் தீவில் இருக்கிறது என்று படித்தவன் நான். பாலாவிக்குப் பக்கத்து நாகவில்லில் இன்னொரு எருக்கலம்பிட்டி முளைத்ததை எந்த வரைபடத்தில் குறிப்பது? ஒரே தண்ணீருக்கும் ஒரே கூலி வேலைக்கும் இரண்டு பங்கு ஆள் வந்ததில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் ஊரில் தையல் கடை வந்ததும், சந்தை தினச் சந்தையானதும், பொழுதுபட்ட பிறகும் பேச்சுக்குரல் கேட்கத் தொடங்கியதும் அவர்களால்தான். இந்தப் பகுதியைச் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வராது, கடந்து போகிறேன்.

வெளிச்சத்தின் கதைக்கு வருவோம். அரிக்கன் லாம்பில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஊருக்குப் பக்கத்தில், நுரைச்சோலையில், நாட்டின் முதல் நிலக்கரி மின்நிலையம் எழும்பியது. தலவில அன்னம்மாள் ஆலயத்தையும் கடலையும் எண்ணிப் பலகாலம் எதிர்ப்புகள் நடந்து ஓய்ந்த பிறகு, சீனக் கடனில், 2011 இல் முதல் அலகும் 2014 இல் மற்றவையுமாக மொத்தம் 900 மெகாவாட். நிலக்கரிக் கப்பலும் பழைய வள்ளக்காரன் சொல்லைத்தான் கேட்கிறது: சோளகத்தில் கடல் கொந்தளிக்கும்போது கரி இறக்க முடியாது, ஆகவே கடல் தணிந்த மாதங்களிலேயே வருஷத்துக்கு வேண்டியதை இறக்கிக்கொள்ள வேண்டும். கடலுக்குப் போனவர்கள் கரை திரும்ப முன்பெல்லாம் தென்னந்தோப்பின் கோலத்தைப் பார்ப்பார்கள். இப்போது புகைபோக்கியைப் பார்க்கிறார்கள், தப்பவே தப்பாது. இவ்வளவும் பக்கத்தில் இருக்க, 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. பரணிலிருந்து லாம்பை இறக்கினால் ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. அந்த இரவுகளில் எல்லோரும் பாயைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டோம். நட்சத்திரங்கள் பழைய இடத்திலேயே இருந்தன, பக்கத்து வீட்டுக்காரரும்தான். அவரோடு அவ்வளவு நேரம் பேசி வருஷக்கணக்காகிவிட்டது. ஆட்சியாளர்களைத் திட்டிக்கொண்டே, அவர்கள் கெடுத்த காரியத்தில் கிடைத்த சுகத்தை அனுபவித்தோம். பிறகு 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைக்க, நாடு முழுக்க இருண்டு, நுரைச்சோலையின் இயந்திரங்களும் நின்றன. குரங்கைத் திட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

ஆனால் உண்மையான வேடிக்கை காற்றில்தான் நடந்தது. ஊரில் யாருக்கும் வேண்டாத பொருள் அது ஒன்றுதான். 2010 இல் மாம்புரியில் காற்றாலைகள் நட்டார்கள். காற்று யூனிட் கணக்கில் விலைப்பட்டது. அடுத்து வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களோடு வந்து, களப்பிலே பலகையில் நின்றுகொண்டு பட்டத்தின் பின்னால் பறந்தார்கள். காற்று மணி கணக்கில் விலைப்பட்டது. வலையைக் கிழிக்கிறதென்று எங்கள் ஆட்கள் சபித்த ஓங்கிலை, நூற்றுக்கணக்கில் துள்ளுகிற காட்சிக்காக, நவம்பர் முதல் ஏப்ரல் வரை தலைக்கு இவ்வளவு என்று வள்ளத்தில் ஏற்றிக் காட்டுகிறார்கள். ஆலங்குடாக் கடற்கரையில் எழும்பிய சொகுசு விடுதிகளுக்குக் கூரை எது தெரியுமா? கிடுகு! நாங்கள் வெட்கப்பட்டு ஓட்டுக்கும் சீட்டுக்கும் மாறின பிறகு, அதற்குக் கீழே ஒரு இரவு படுக்க வாப்பாவின் ஒரு போக வெங்காயக் காசு போதாது. புத்தளத்துப் பொடியன்கள் கேட்டால் “எங்கட ஊர்ல ஒண்டுமே இல்ல” என்று நாங்கள் தலைகுனிந்து சொன்னோமே, அந்த ஒன்றுமில்லாமையைத்தான் விளம்பரத் தாளில் பளபளவென்று அச்சடித்திருக்கிறார்கள்: ஆளில்லாத மணல், சத்தமில்லாத கடற்கரை, காற்று.

வருகிறவர்களில் ருஷ்யர் அதிகம். 2023 இலும் 2024 இலும் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் இந்தியருக்கு அடுத்தபடி அவர்கள்தான். என் தங்கச்சியின் மகன் பட்டம் ஓட்டப் பழக்குகிறான். பழக்கத்தில் ருஷ்ய மொழியும் படித்துவிட்டான். போன தை மாதம், நல்ல வாடை வீசிக்கொண்டிருந்த ஒரு மாலையில், மாணவி ஒருத்தியைத் தேநீர்க் கடைக்குக் கூட்டிவந்தான். விடுவேனா? மருமகனை மொழிபெயர்ப்பாளனாக்கி, உங்கள் ஊரில் பிர்ச் மரம் எந்தப் பக்கம், அடுப்பில் இப்போதும் கிழவிகள் உறங்குகிறார்களா என்று தொடங்கினேன். அவள் பெருநகரத்தில் பிறந்தவள். பாட்டியின் கிராமம் ஒன்று இருந்ததாம். பாட்டி போனபின் வீட்டைப் பூட்டிவிட்டார்களாம், அந்தத் தெருவில் இப்போது புகை எழும்புகிற வீடே இல்லையாம். ருஷ்யாவில் 2010 குடிசன மதிப்பீட்டின்போதே ஆளில்லாக் கிராமங்கள் 19,000க்கு மேல் என்று பிறகு தேடிப் படித்தேன். சமோவார் பாட்டியின் அலமாரிக்கு மேல் இருந்தது, தான் கோப்பிதான் குடிப்பது என்றும் சொன்னாள். நான் படித்த ஊர் காலியாகிவிட்டது. காலியாகக் கிடந்த என் ஊரில் வள்ளம் இழுத்துவைக்கக்கூட இப்போது இடமில்லை.

பிறகு அவள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். இந்த ஊரின் சரித்திரத்தைச் சொல்லட்டாம். காசிச்செட்டியிலிருந்து தொடங்கினேன், இப்னு பதூதா, கறுவா, கோட்டை, நாலு காற்று, மிளகாய், தொண்ணூறாம் ஆண்டு என்று பிளேன்டீ ஆறும்வரை சொன்னேன். மருமகன் பொறுமையாகக் கேட்டு, இரண்டே வரியில் மொழிபெயர்த்தான். அவள் முகம் மலர்ந்து தலையாட்டினாள்.

“இவ்வளவையும் ரெண்டு வரியில எப்படியடா சொன்னே?”

“நாளைக்குக் காலையில ஓங்கில் பார்க்கப் போற வள்ளத்துல இன்னும் ரெண்டு பேருக்கு இடம் இருக்குன்னு சொன்னேன் மாமா. கூட்டாளியையும் கூட்டிக்கிட்டு வாறாவாம்.”