ஓர் உலை, நாற்பது இலை

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகள். ஒவ்வொன்றிலும் பென்டிரைவ் செருகி மென்பொருள் ஏற்றியே விடுமுறை கரைகிறது. வழி உண்டா?

பதில்: பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்தால் நாற்பது உலையா வைக்கிறோம்? ஒரு லினக்ஸ் சர்வர் போதும்.

தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவான, அந்த சர்வரில் இயங்கும் குளோன்சில்லா என்ற மென்பொருள் இலவசம். ஒரு கணினியைச் சீராகத் தயார்செய்து, அதன் வட்டை அப்படியே படியெடுத்து சர்வரில் வைத்தால், மற்றவை நெட்வொர்க் வழியே பூட் ஆகி வாங்கிக்கொள்ளும். மல்டிகாஸ்ட் முறையில் சர்வர் ஒருமுறை அனுப்புவதையே எல்லாம் சேர்ந்து பெறுகின்றன. 5.6 ஜிபி படி, 41 கணினிகளுக்குச் சுமார் 10 நிமிடத்தில் போய்ச் சேர்ந்ததாக அதை உருவாக்கியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அதே வலையில் சர்வரைப் போலவே ஐபி முகவரி வழங்கும் ரவுட்டர் இருந்தால் இரண்டும் மோதும். தனி ஸ்விட்ச் வையுங்கள். படியை வாங்கும் கணினிகளின் வட்டில் பழையதெல்லாம் அழியும். மாணவர்களின் கோப்புகளை முதலில் பத்திரப்படுத்துங்கள்.