எந்தக் கைலே வலிக்கு?

ஏலே பேராண்டி, கழுத்துல ஐடி கார்டு தொங்க வந்து நிக்கியே, என்ன உத்தியோகம்னு கேட்டா மெடிக்கல் கோடிங்குங்க. டாக்டரான்னா இல்ல. கம்பவுண்டரான்னா அதுவும் இல்ல. அமெரிக்காக்காரனுக்குக் கை வலிச்சா, சென்னையில ஏசி ரூம்ல உக்காந்து அந்த வலிக்கு நம்பர் போடுத வேலையாம்லா! கேக்க நல்லாத்தான் இருக்கு. வலிக்கது ஒருத்தன், பாக்கது ஒருத்தன், நம்பர் போடுதது நீயி, துட்டு குடுக்கணுமா வேண்டாமான்னு மொறைக்கது இன்சூரன்ஸ்காரன். ஒரு மணிக்கட்டுக்கு எத்தனை பேரு?

முன்னால இம்புட்டுக் கூத்து இல்ல பாத்துக்க. அமெரிக்காக்காரனோட பழைய நோய் நம்பர் புத்தகத்துல மணிக்கட்டு வலின்னா 719.43. சோலி முடிஞ்சுது. வலக்கைக்கும் அதுதான், இடக்கைக்கும் அதுதான், முன்னங்கைக்கும் சேத்து அதுதான். பொறவு ஐசிடி-10ன்னு புது நம்பர் புத்தகம் வருது வருதுன்னாவ. 2013ன்னாவ, 2014ன்னாவ, தவணை தள்ளித் தள்ளி 2015 அக்டோபர் 1ல கொண்டாந்து எறக்குனாவ. சுமாரா 14,000 இருந்த நோய் நம்பரு 70,000 பக்கம் போயிட்டு. மனுசனுக்குப் புதுசா அம்புட்டு நோவா வந்துட்டு?

இப்பம் வலது மணிக்கட்டு வலின்னா எம் 25.531. இடதுன்னா எம் 25.532. எந்தக் கைன்னு டாக்டர் எழுத மறந்தாருன்னா எம் 25.539. கடைசியில நிக்க அந்த 9ஐப் பாத்தா இன்சூரன்ஸ்காரனுக்கு மூஞ்சி கோணிரும். ரெண்டு கையும் வலிச்சா? ரெண்டு நம்பரையும் போடணும். ரெண்டுக்கும் சேத்து ஒண்ணு கெடையாது.

சிரிக்காதலே. எந்தக் கைன்னு கேக்கது தப்பே இல்ல. நம்ம நாட்டு வைத்தியரும் ஆம்பளைக்கு வலக்கை, பொம்பளைக்கு இடக்கைன்னு பாத்துத்தான் நாடி புடிச்சாரு. வலக்கை வலிக்கவனுக்கு இடக்கையில கட்டுப் போட்டா ஊரு சிரிக்காதா? நான் சிரிக்கது வேற எடத்துல.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டுல ஒரு வலி வரும். கைப்புள்ளையத் தூக்கித் தூக்கிப் பெத்தவளுக்கு வரும். அத 1895ல எழுதி வச்ச சுவிஸ் டாக்டரு பேரையே அதுக்கு வச்சு, டி கெர்வான் நோய்ங்காவ. நம்பரு எம் 65.4. இதுல வலதும் கெடையாது, இடதும் கெடையாது! பேரு தெரியாத வலின்னா கையச் சொல்லு, கையச் சொல்லுன்னு உசுர எடுக்கான். பேரு தெரிஞ்ச நோவுன்னா எந்தக் கையா இருந்தா என்னங்கான். இது எந்த ஊரு நியாயம்லே?

இன்னொண்ணு கேளு. ஒருத்தனுக்குக் கை மரத்துப் போவுது. ராத்திரி முழிச்சு முழிச்சு உதறுதான். கட்டைவிரல்லருந்து மோதிரவிரல் பாதி வரைக்கும் சுருக்குச் சுருக்குங்கு, சுண்டுவிரல் மட்டும் சும்மா கெடக்கு. நரம்பு அழுந்துதுன்னு பாக்க டாக்டருக்குத் தோணாதா? தோணுது. 'கார்பல் டன்னலா இருக்கலாம்'னு எழுதுதாரு. கெட்டுது போ! வெளிநோயாளிக்கு 'இருக்கலாம்'னு எழுதுனா அந்த நோய நீ போடப்படாது. வெறும் மரத்துப் போவுது, சுருக்குங்குன்னு அறிகுறியத்தான் போடணும். ஆனா ஆஸ்பத்திரியில சேந்து படுத்தவன் வீட்டுக்குப் போகையில அதே 'இருக்கலாம்'னு எழுதுனாருன்னு வையி, இருக்குன்னே போட்டுக்கிடலாம். நாற்காலியில உக்காந்தவனுக்குச் சந்தேகம். கட்டில்ல படுத்தவனுக்கு நிச்சயம். விதிய எழுதுன மகராசன் எதுல இருந்துக்கிட்டு எழுதுனானோ!

விழுந்து சுளுக்கிக்கிட்டான்னா எம்ம விட்டுட்டு எஸ்ஸுக்கு ஓடணும். எஸ் 63.501, கடைசியில ஒரு எழுத்து. வைத்தியம் நடந்துக்கிட்டு இருந்தா ஏ. ஆறிக்கிட்டு வந்தா டி. ஆறுன பொறவும் விட்டுட்டுப் போன கோளாறுக்கு எஸ். 'ஏ'ன்னா மொதத் தடவைன்னு நெனச்சு புதுசா சேந்த பயலுவ மாட்டிக்கிடுவானுவ. பத்துத் தடவை போனாலும் வைத்தியம் நடந்தா ஏதான். நீயும் மாட்டியிருப்ப. என்கிட்டயா மறைக்க?

எப்படி அடிபட்டுதுங்கதுக்கும் நம்பர் இருக்காம்லா! கோழி கொத்துனா டபிள்யூ 61.33. கொத்து வாங்குன எடம் கோழிக்கூடுன்னா ஒய் 92.72. விமானத்து எஞ்சின் ஆள உறிஞ்சிட்டுன்னா வி 97.33. அதுக்கும் கடைசியில அந்த டி போட வழி வச்சிருக்கான், ஆறிக்கிட்டு வாரவன் மறுக்கா வந்து காட்டுததுக்கு. எஞ்சினுக்குள்ள போனவன் எப்படிலே திரும்பி வந்து டோக்கன் போடுவான்? மாமியா வீட்டோட ஒத்துப் போவலன்னா இசட் 63.1. நல்லவேளை, நம்ம ஊருல அதுக்கு நம்பர் போட ஆரம்பிக்கல. ஆரம்பிச்சா உங்க கம்பெனிக்கு ஆள் பத்துமா? ஒண்ணு, இந்தக் கோழிக் கணக்கையெல்லாம் எல்லாரும் எழுதியே ஆகணும்னு அமெரிக்கா பூராத்துக்கும் கட்டாயம் இல்ல. அந்த மட்டுக்கும் புத்தி இருக்கு.

கோழியக் கூட விட்டுருதேன். டாக்டரு எழுதுத லட்சணம் இருக்கே, அதத்தான் என்னால தாங்க முடியல. எழுதாதது நடக்காததுன்னு உங்க வேலையில ஒரு பேச்சு இருக்குல்ல? சரியான பேச்சுதான். ஆனா கம்ப்யூட்டர் வந்தாலும் வந்துது, போன தடவை எழுதுனத அப்படியே எடுத்து இந்தத் தடவைக்கும் ஒட்டிருதாவ. மேல 'வலது மணிக்கட்டு வலி'ன்னு இருக்கும். கீழ 'இடது மணிக்கட்ட அமுக்குனா வலிக்கு'ன்னு இருக்கும். நீ என்ன செய்வ? ஊகிக்கப்படாது. டாக்டருக்குக் கேள்வி எழுதி அனுப்பணும். அதுலயும் 'வலக்கைதான ஐயா?'ன்னு கேக்கப்படாதாம். வாயில வார்த்தையப் போட்டுக் குடுத்த கணக்காயிருமாம். 'எந்தப் பக்கம்னு தெளிவுபடுத்துங்க'ன்னு பொத்துனாப்புல கேக்கணும். அவரு எத்தனை நாள்ல பதில் போடுவாருன்னு அவருக்கே தெரியாது. அதுவரைக்கும் பில்லு தூங்கும். உங்க மேனேஜரு தூங்க மாட்டாரு.

ஏம்லே, வலிக்கவனுக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டா என்ன? கேக்கப்படாதா? எந்தக் கைன்னு சத்தியமாத் தெரிஞ்ச ஆளு இந்த ஒலகத்துல அவன் ஒருத்தன்தான். அவன விட்டுட்டு நீயும் டாக்டரும் இன்சூரன்ஸ்காரனும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர்ல தேடுதீய. வெண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதைதான் இது. அவன் பாட்டுக்கு ஒஹாயோவுல உக்காந்து நோகாத கையில காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கான். எட்டிப் பாத்தாலே தெரிஞ்சுரும். ஆனா பாத்தாலும் நீ போட முடியாதுல்லா? காப்பி குடிச்சத டாக்டரு எழுதலையே!