பாவு போட்டால் மழை

மழை வேண்டுமா? யாகமெல்லாம் எதற்கு? எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் யாரையாவது தெருவில் பாவு போடச் சொல்லுங்கள்.

தறிக்கு ஏற்றும் முன் பட்டுப் பாவைத் தெருவோடு நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்போம். விடியற்காலை வேலை. நாலு தூறல் விழுந்தால் கஞ்சி கரைந்து இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுப்பதற்குள் அந்த வாரக் கூலி போச்சு. அதனால் நைனா முந்தின சாயங்காலமே வானிலை ஆராய்ச்சியில் இறங்கிவிடுவார்.

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை என்பது அவர் சித்தாந்தம். ஒருநாள் ஏறியது. "டேய், நாளைக்குப் பாவு வேணாம்டா" என்று நிறுத்திவிட்டார். மறுநாள் அடித்த வெயிலில் கருவாடே காய்ந்திருக்கும். பிறகு பார்த்தால், எறும்பு போன மேட்டில் எங்கள் சர்க்கரை டப்பா.

ஈசல் இன்னும் மோசம். பெய்த ஈரத்தில்தான் பெரும்பாலும் அது புற்றை விட்டுக் கிளம்பும். நேற்றைய மழையை இன்றைக்கு வந்து அறிவிக்கிற அதிகாரி!

ஆயாவிடம் கர்ப்போட்டம். மார்கழியில் மேகம் கருத்தரிக்கும், 195ஆம் நாள் பொழியும் என்பாள். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் கணக்கும் அதேதான். ஆனால் எண்ணிப் பார்த்தால் ஆனியும் ஆடியும்தான் வருகிறது. காஞ்சிபுரத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். "தலைப்பிரசவம், தள்ளித்தான் போகும்" என்று சொல்லிவிட்டாள். அவள் முழங்கால் மட்டும் ஒரு மழையையும் தவறவிட்டதில்லை. தினமும் வலித்தால் எப்படித் தவறும்?

கோயில் குளத்துக்குள்ளேயே இருக்கும் அத்தி வரதர் சிலை வெளியே வந்து குளத்துக்குத் திரும்பினால் மழை என்றும் சொல்வார்கள். 1979க்குப் பிறகு அவர் வெளியே வந்தது 2019இல். அடுத்த தடவை வரும்வரை பாவைச் சுருட்டிவைக்க முடியுமா?

கடைசியில் நான் செல்போனைக் காட்டினேன். மழைக்கு வாய்ப்பு பத்து சதவீதம். தட்டானும் உயரத்தில்தான் பறந்தது, நைனாவுக்கும் திருப்தி. அறிவியலும் அனுபவமும் முதன்முறையாக ஒத்துப்போன அந்த விடியலில் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சியில் கை வைத்தோம். அந்தப் பத்து சதவீதம் முழுதாக எங்கள் தெருவில் வந்து இறங்கியது.

உங்கள் ஊரில் வறட்சி என்றால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். பாவோடு வருகிறோம். தார்ப்பாய் மட்டும் நீங்கள் தரவேண்டும்.